நான்காவது ஸ்லைடு

போன மாதம் கறிவேப்பிலை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஆலையிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயராம். மலையாளம் கலந்த தமிழில் மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், சுகந்தானே? நாங்க இப்போ சோலார் போட்டாச்சு. பகல்ல பாய்லர் வேண்டாம். சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணி ராத்திரி நிறுத்தினா போதும். மெயின் ஸ்டீம் லைனுக்கு ஆயுசுக் கணக்கு ஒண்ணு போடணும். உங்க காலத்து லேப் ரிப்போர்ட் எங்கே இருக்குன்னு அறியுமா?"

"எத வெச்சுக் கணக்குப் போடறீங்க?" என்று கேட்டேன்.

"ஓடின மணிநேரம் வெச்சு. இன்னும் பாதிக்கு மேல பாக்கி உண்டு மேடம்."

"எத்தன தடவ நிறுத்தி எடுத்தீங்கன்னு கணக்கு இருக்குதுங்களா?"

"அதுக்கு ரெஜிஸ்டர் இல்ல மேடம்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ரெஜிஸ்டர் இருந்தது. பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையாருக்குப் பின்னால், சுவரில் இருந்தது. அதன்மேல் வெள்ளையடித்தவர்களும் நீங்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மனிதர் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? தேடித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கறிவேப்பிலை எல்லாம் காம்போடு சேர்ந்து நசுங்கிக் கிடந்தது.

நான் மரகதம். பாலக்காட்டை அடுத்த சித்தூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் படித்தேன். படித்து முடித்த கையோடு, பாலக்காட்டிலிருந்து வாளையாறு போகும் வழியில் இருக்கிற ஓர் ஆலையின் லேபில் சேர்ந்தேன். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். முதலில் தண்ணீர் சோதனை, பிறகு எண்ணெய் சோதனை, அதன்பிறகு இரும்பு. ஓய்வு பெறும்வரை இரும்புதான்.

எனக்கு இரும்பைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் வெங்கிடாசலம் சார். லேபும் பராமரிப்பும் அவர் கையில் இருந்தன. பாலக்காட்டில் பழைய அக்ரகாரத் தெருக்காரர். ஒருநாளும் குரல் உயர்த்தமாட்டார். நாம் எழுதிய ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, கண்ணாடியை வேட்டி முனையால் துடைப்பதுபோல் சட்டை நுனியால் துடைத்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிப்பார். சரியில்லாத வரி வந்தால் நிறுத்தி, நம் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். நாமே எடுத்துக்கொண்டு போய்த் திருத்தி எழுதுவோம். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் கோபமும் இன்னும் ஆறவில்லை.

பாய்லரிலிருந்து டர்பைனுக்கு நீராவி கொண்டுபோகும் குழாய்க்கு மெயின் ஸ்டீம் லைன் என்று பெயர். உள்ளே ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடு. அந்தச் சூட்டில், அந்த அழுத்தத்தில், இரும்பு மெல்ல மெல்ல நீண்டுகொண்டே இருக்கும். ஈரத்துணி காயப்போட்ட கொடிக்கயிறு நாளுக்கு நாள் தொய்வது போல. இதைத்தான் க்ரீப் என்கிறோம். கண்ணால் பார்க்க முடியாது, வருடக்கணக்கில் நடக்கும். அது ஒரு பக்கம். ஒவ்வொரு தடவையும் பாய்லரை நிறுத்தும்போது குழாய் சுருங்கும், மறுபடி பற்றவைத்து எடுக்கும்போது விரியும். உள்பக்கம் முதலில் சூடாகும், வெளிப்பக்கம் பின்னால்தான் வரும். இழுபறி. குடைக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிந்துபோகுமே, அந்தக் களைப்பு. இது இரண்டாவது பக்கம். இரண்டும் தனித்தனியாக வந்தால் இரும்பு தாங்கும். சேர்ந்து வந்தால் ஒன்றுக்கு ஒன்று துணைபோய்க் குழாயைத் தின்றுவிடும்.

எந்த இடத்தில் தின்னும்? வெல்டிங்கில் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். வெல்டு போட்ட உலோகம் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். அதை ஒட்டி, வெல்டிங் சூட்டில் வெந்துபோன குழாயின் விளிம்பு இருக்கிறதே, கோடு மாதிரி மெல்லிசாக, அதுதான் பலவீனம். நல்ல வெல்டர் போட்டாலும் அந்தக் கோடு இருக்கும். அது வெல்டரின் குற்றமல்ல. இந்த ஒரு விஷயத்தைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்த லைனின் முக்கியமான இணைப்புகளையெல்லாம் போட்டவர் ஆறுச்சாமி அண்ணன், கொழிஞ்சாம்பாறைக்காரர். வெல்டு வைப்பதற்கு முன்னால் குழாயைச் சூடாக்கி, சூட்டுச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அது உருகுகிறதா என்று பார்த்த பிறகுதான் கையில் ஹோல்டரை எடுப்பார். முடித்ததும் குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி போர்வை சுற்றி, தானாக ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மேலதிகாரி வந்து அவசரப்படுத்தினால், "போயிட்டு நாளைக்கு வாங்க சார்" என்று சொல்லுகிற தைரியம் அவருக்கு இருந்தது.

பல வருடம் பாய்லர் நிற்காமல் ஓடியது. வருடத்துக்கு ஒருமுறை ஷட்டவுன், அவ்வளவுதான். பிறகு வெளியிலிருந்து மின்சாரம் வாங்குவது லாபம் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்தார்கள். தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் பாய்லர். தினமும் எடு, தினமும் நிறுத்து. கன்ட்ரோல் ரூம் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு, பாய்லர் ஓடிய மணிநேரத்தை எழுதுவதற்கு. அந்த எண் மெதுவாக ஏற ஆரம்பித்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். குழாய்க்கு ஆயுசு கூடுகிறதாம். "லைனுக்கு லீவு" என்பார்கள். ஆறுச்சாமி அண்ணனே, "பாவம், அதுவுங் கொஞ்சம் மூச்சு உட்டுக்கட்டுமுங்க" என்று சொன்னதுண்டு. நானும் தலையாட்டியிருக்கிறேன். மனிதன் உட்கார்ந்தால் களைப்பு தீரும். குழாய்க்கு நிற்பதும் எழுவதும்தான் களைப்பே என்று எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

எத்தனை தடவை எடுத்தோம் என்று கம்பெனிக் கணக்கில் எங்குமே இல்லை. இருந்தது ஒரே இடத்தில். பாய்லர் எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கிற பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது வழக்கம். தினமும் எடுக்க ஆரம்பித்ததும் தேங்காய் கட்டுப்படியாகாமல் கற்பூரமாகச் சுருங்கியது. அதை ஏற்றுகிறவர் ஆபரேட்டர் செல்வராசு. அவர் ஒவ்வொரு தடவையும் பிள்ளையாருக்குப் பின்பக்கச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவார். ஐந்து ஐந்தாக, குறுக்குக் கோடு போட்டு. அவர் லீவில் போனால் மற்ற ஷிப்டுக்காரர்கள் போட்டாக வேண்டும். மறந்தால் சாமி குற்றம் என்று சண்டைக்கு வருவார். ஆறுச்சாமி அண்ணனின் தங்கை பழனியம்மாளைக் கட்டியவர்தான் இந்தச் செல்வராசு.

தினமும் எடுத்து நிறுத்த ஆரம்பித்து நாலு வருடம் ஆகியிருக்கும். ஷட்டவுன் சமயம். ஆறுச்சாமி அண்ணன் லேபுக்கு வந்தார். உள்ளே வராமல் கதவுக்கு வெளியே நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, ஏழாம் நம்பர் ஜாயின்ட்டுக்கு அடியில ஒருக்கா பாக்கோணுமுங்க."

"அடியில எதுக்குங்ண்ணா? ஷட்டவுனுக்கு ஷட்டவுன் நம்ம பாக்கற எடம் மூணும் மேலதானே இருக்குது?"

"ஹேங்கர் முள்ளு நவுர்றதே இல்லீங்க. ஓடறப்பவும் அங்கதான் நிக்குது, நின்னாலும் அங்கதான் நிக்குது. லைனோட பாரம் பூராத்தையும் அந்த ஜாயின்ட்டுத்தான் தாங்குதுன்னு நெனைக்கறனுங்க. எம்பட கையில போட்டதுங்க. பாத்துச் சொல்லிப்போடுங்க."

குழாயைத் தொங்கவிடும் ஸ்பிரிங்குக்குத்தான் ஹேங்கர் என்று பெயர்; குழாய் நகர்ந்தால் அதன் முள்ளும் நகர வேண்டும். அது இறுகிப்போனால், விரிந்து சுருங்க இடமில்லாமல் குழாய் வெல்டு விளிம்பில் போய் முறுக்கும். ஒரு வெல்டர் தன் வேலையைத் தானே வந்து சோதிக்கச் சொன்னார். என் சர்வீஸில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

நான் போனேன். பிளாட்பாரத்திலிருந்து எட்டாத இடம். சாரக்கட்டு போடச் சொல்லி, மல்லாந்து படுத்துக்கொண்டுதான் வேலை செய்ய முடிந்தது. முதலில் சூடு வெளியேறாமல் சுற்றியிருக்கிற பஞ்சும் தகடும் கழற்ற வேண்டும். பிறகு மேல்தோலை அரைத்து எடுத்து, சொரசொரப்பான எமரித் தாளிலிருந்து வழவழப்பான எமரிவரை ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். கடைசியில் வைரப் பசை தடவிய பஞ்சுத்துணி. கண்ணாடி போல வந்ததும் அமிலம் கலந்த ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இத்தோடு முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் தேய்க்கும்போது இரும்பே இழுபட்டு, க்ரீப்பால் விழுந்த பொடி ஓட்டைகளை மூடிவிடும். வெங்கிடாசலம் சார் சொல்லிக்கொடுத்தது என்னவென்றால், தேய், அமிலம் தடவு, மறுபடி தேய், மறுபடி அமிலம், மூன்று தடவை. அப்போதுதான் ஓட்டை வாய் திறக்கும். அதற்குப் பிறகு அசிட்டோனில் நனைத்த பிளாஸ்டிக் படலத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, காய்ந்ததும் உரித்தெடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டினால் அதுதான் ஸ்லைடு. இரும்பின் கைரேகை மாதிரி.

அன்று நாலு ஸ்லைடு எடுத்தேன். வழக்கமான மூன்று இடத்திலும் ஒன்றுமில்லை. நான்காவதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். இரும்பு குருணை குருணையாகத் தெரியும். வெல்டு சுத்தமாக இருந்தது, ஒரு குறை சொல்ல முடியாது. மெல்ல நகர்த்தி விளிம்புக்கு வந்தேன். குருணைகளின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். ஒன்றிரண்டு அல்ல, கோர்த்த மாதிரி வரிசையாக. சில இடங்களில் இரண்டு மூன்று சேர்ந்து கீறலாகவே ஆகியிருந்தது.

நேராகப் பிள்ளையாரிடம் போனேன், கும்பிட அல்ல. சுவரில் இருந்த கோடுகளை எண்ணினேன். எண்ணி முடிக்க அரை மணிநேரம் ஆனது. ஆயிரத்து நூற்றுப் பதினாறு. அந்த எண்ணை ஸ்லைடின் பின்பக்கச் சீட்டில் எழுதி, ரிப்போர்ட்டிலும் எழுதினேன். இந்த ஷட்டவுனிலேயே அந்த இணைப்பை வெட்டி மாற்ற வேண்டும், ஹேங்கரைச் சரிசெய்ய வேண்டும், தினமும் எடுத்து நிறுத்துவதை விட வேண்டும் என்று மூன்று வரி.

வெங்கிடாசலம் சார் படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி படித்தார்.

"மரகதம், உக்காருங்கோ. காப்பி சாப்பிடறேளா?"

"வேண்டாங்க சார்."

"நம்ம நடைமுறையில எத்தனை இடம் சொல்லியிருக்கு?"

"மூணுங்க சார்."

"நீங்க நாலு எடுத்திருக்கேள். நாலாவது இடம் நடைமுறையில இல்லை. இல்லாத இடத்தோட முடிவை எந்தக் கட்டத்தில சேர்க்கறது, சொல்லுங்கோ. பிள்ளையார் சுவத்துக் கணக்கையும் எழுதியிருக்கேள். மேல இருக்கறவா சிரிக்க மாட்டாளா?"

"சார், நீங்கதான பாக்கச் சொல்லிக் குடுத்தீங்க. ஒருக்கா மைக்ரோஸ்கோப்புல பாருங்க."

அவர் பார்க்கவில்லை. இதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. எழுந்து பத்தடி நடந்தால் மைக்ரோஸ்கோப். பார்த்திருந்தால் அவரால் அடுத்துச் சொன்னதைச் சொல்லியிருக்க முடியாது. அது அவருக்கே தெரியும். தெரிந்ததால்தான் பார்க்கவில்லை.

"புது பைப் வர ஆறு மாசம் ஆகும். அதுவரை ஆலையை மூடச் சொல்லுவாளா? அடுத்த ஷட்டவுன்ல முறையா நாலாவது இடத்தையும் சேர்த்துடறேன். மூணு இடத்துக்கு மட்டும் எழுதிண்டு வாங்கோ."

எழுதிக்கொண்டு போனேன். கையெழுத்தும் போட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. இருபது வருடமாக அவர் முகம் பார்த்து வரிகளைத் திருத்திய பழக்கம், அன்றும் திருத்தினேன். நான்காவது ஸ்லைடை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை. சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆறுச்சாமி அண்ணன் வந்து கேட்டபோது, "மேல சொல்லியிருக்கறனுங்ண்ணா, பாத்துக்குவாங்க" என்றேன். அவர் நம்பிவிட்டார்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலை, பாய்லர் எடுத்து அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது ஏழாம் நம்பர் ஜாயின்ட் அடிப்பக்கம் பிளந்தது. அந்தச் சூட்டில் நீராவி கண்ணுக்குத் தெரியாது, சீறுகிற சத்தம் மட்டும்தான் வரும். சத்தம் எங்கே என்று பார்க்கப் போனவர் செல்வராசு. வலது பக்கம் காதிலிருந்து இடுப்புவரை வெந்துபோனார். பிழைத்தார். எப்படிப் பிழைத்தார் என்பதைப் பழனியம்மாளைக் கேட்டால்தான் தெரியும்.

விசாரணை நடந்தது. என்னைக் கேட்டார்கள். நடைமுறைப்படி மூன்று இடத்தையும் பார்த்தீர்களா? பார்த்தேன். குறை இருந்ததா? இல்லை. இரண்டும் உண்மை. இரண்டு உண்மையைச் சொல்லி ஒரு முழுப் பொய்யைக் கட்டிவிட்டு எழுந்து வந்தேன். வெட்டியெடுத்த குழாய்த் துண்டை லேபுக்கு அனுப்பவே இல்லை, பழைய இரும்போடு லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஓடிய மணிநேரம் குறைவு, மூன்று இடமும் சுத்தம், அப்படியென்றால் வெல்டு போட்டபோதே இருந்த குறை. ஆறுச்சாமியின் வேலை மோசம். பூசி மெழுகி முடித்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? பிள்ளையார் கோவிலைப் புதுப்பிக்கிறோம் என்று அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள்.

ஆறுச்சாமி அண்ணனிடமிருந்து வெல்டர் சான்றிதழை வாங்கிக்கொண்டு ஸ்டோரில் போல்ட் எண்ண உட்கார வைத்தார்கள். அதை அவர் தாங்கிக்கொண்டார். பழனியம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லாரும் கேட்க, "எம்பட புருசனச் சுட்டது உன்ற கைதான். இனி எம்பட ஊட்டு வாசல மிதிக்காத" என்று சொன்னதைத் தாங்கவில்லை. அதன்பிறகு எட்டு வருடம் அண்ணன் வீட்டில் தங்கை கால் வைக்கவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்புதான்.

நான் ஏன் அப்போது வாய் திறக்கவில்லை? திறந்தால் முதலில் மாட்டுவது என் கையெழுத்து. அவ்வளவுதான் காரணம், வேறு எதையாவது சொன்னால் அது புளுகு. வெங்கிடாசலம் சார் போன வருடம் தவறிவிட்டார். துக்கம் கேட்கப் போனேன். அழுகை வந்தது, அழுதுகொண்டே அவர்மேல் ஆத்திரமும் வந்தது. செத்துப்போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

அந்த போன் வந்த மறுநாள் இரும்புப் பெட்டியிலிருந்து ஸ்லைடை எடுத்தேன். ஏழாம் ஜாயின்ட்டை மட்டும்தான் அன்று மாற்றினார்கள். மற்றதெல்லாம் அதே பழைய குழாய், அதே விளிம்புகள். எட்டு வருடம் முன்னால் எழுதி மாற்றிய ரிப்போர்ட்டை மறுபடி முதலிலிருந்து எழுதினேன். நாலு இடம், சுவர்க் கணக்கு, நான் கையெழுத்துப் போட்ட கதை, எல்லாவற்றையும். ஒரு பிரதி ஆலைக்கு, ஒரு பிரதி பாய்லர் சோதனை ஆபீசுக்கு. ஒரு தெரிந்த லேபில் ஸ்லைடைப் பெரிதாகப் படமும் எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ் ஏறினேன்.

ஆறுச்சாமி அண்ணன் ரொம்ப மெலிந்துபோயிருந்தார். படத்தைக் காட்டி, இது உங்கள் வெல்டு, இது விளிம்பு, புள்ளியெல்லாம் விளிம்பில்தான் இருக்கிறது என்று விரல் வைத்துச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப எம்பட வெல்டு நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

"நல்லாத்தான் இருந்துச்சுங்ண்ணா."

"இத எப்ப எடுத்தீங்க அம்மிணி?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சட்டையை மாட்டிக்கொண்டு, "எங்கிட்டச் சொல்லி என்னுங்க பண்றது. வாங்க, அங்க வந்து சொல்லுங்க" என்றார்.

தோப்பைத் தாண்டி நடந்தோம். தங்கை வீட்டு வாசலுக்கு ஐந்தடி இருக்கும்போதே அவர் நின்றுவிட்டார். நான்தான் கூப்பிட்டேன். செல்வராசு வெளியே வந்தார், பின்னால் பழனியம்மாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை நீட்டினேன். செல்வராசு படத்தை வாங்கவில்லை. ஸ்லைடை வாங்கி, வெந்து சுருங்கிய வலதுகையால் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பிறகு திருப்பினார். பின்பக்கச் சீட்டில் என் கையெழுத்தில் அந்த எண்.

"ஆயிரத்து நூத்திப் பதினாறு," என்று வாய்விட்டுப் படித்தார். "இது எம்பட கணக்குங்களே. பிள்ளையார் செவுத்துல நான் போட்டதுங்களே."

"ஆமாங்க."

"நான் வேகறதுக்கு ஏழு மாசத்துக்கு முந்தி எண்ணியிருக்கறீங்க."

"ஆமாங்க."

அவர் ஸ்லைடைப் பழனியம்மாள் கையில் கொடுத்தார். அவளுக்கு அதில் என்ன தெரிந்திருக்கும்? கண்ணாடியைக் கையில் பிடித்தபடி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து இறங்கி வந்து, அவர் கையைப் பிடித்தாள்.

"உள்ள வாண்ணா," என்றாள்.

மூன்று பேரும் உள்ளே போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஸ்லைடும் உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.